யூனிகார்னில் தொடங்கு

அன்புள்ள முரளி,

கடிதம் வந்தது. மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லாரும் சுகம்.

லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் லக்கி லூக்கையும் கேப்டன் டைகரையும் இரத்தப் படலத்தையும் படித்து வளர்ந்த நீ, இப்போது அந்த ஐரோப்பிய காமிக்ஸ் ஆல்பங்களை ஆங்கிலத்தில் வாங்கிப் படிக்க எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். எந்தக் கதை என்பது அப்புறம். முதலில் எந்தப் பதிப்பு என்று பார். ஒரே கதைக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பதிப்பு இருக்கும். அளவு, கலர், வரிசை எண், சில சமயம் வசனமே கூட மாறும்.

அளவிலிருந்து தொடங்குகிறேன். டின்டின் ஆல்பத்தின் பக்கம் ஏறக்குறைய ஏ4 தாள் அகலம், ஏ4 உயரம். அதில் டின்டினைப் படைத்த எர்ஜே நான்கு வரிசையாகப் படம் போடுவார். ஒரு பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் சர்வசாதாரணம். 1942இல் கலர் ஆல்பத்துக்கு மாறியபோது கதை 62 பக்கம் என்று ஆனதற்குக் காரணம் அச்சு வசதிதான்: ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் 16 பக்க ஃபாரம் நான்கு, மொத்தம் 64. அஸ்டெரிக்ஸ் மூன்று ஃபாரம், அதாவது 48. அதில் கதைக்கு 44. பெரும்பாலானவை முதலில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை என்பதால், பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கொக்கி இருக்கும். கதவு திறக்கும், யாரோ கத்துவார்கள், டின்டின் எதையோ பார்த்துத் திகைப்பான், அது என்னவென்று அந்தக் கட்டத்தில் காட்டமாட்டார்கள். பக்கம் முழுசாகக் கண்ணில் படும்போதுதான் இந்தக் கணக்கு வேலை செய்யும்.

அதனால் மூன்று கதையை ஒரே கெட்டி அட்டையில் கட்டிய சின்னப் பதிப்பை வாங்காதே. விலை குறைவு, அலமாரியில் அழகாக நிற்கும். ஆனால் பக்கம் ஏ5க்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், படத்தின் பரப்பு ஏறக்குறைய பாதி. ‘டெஸ்டினேஷன் மூன்’ மாதிரி வசனம் அடர்ந்த கதையில் எழுத்து கண்ணைக் குத்தும், பின்னணியில் நிற்கும் ஆட்களின் முகம் புள்ளியாகிப்போகும். டிஜிட்டலிலும் இதே கதைதான். பத்து அங்குல டேப்லெட்டின் திரை ஏறக்குறைய 15 × 20 செ.மீ., அதாவது ஆல்பத்தில் பாதிக்கும் குறைவு. பதின்மூன்று அங்குலம் இருந்தால் தாராளமாகப் படிக்கலாம். போனில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை மட்டும் தொடாதே. எதிர்ப்பக்கம் எங்கே, கடைசிக் கட்டம் எங்கே என்பதே தெரியாமல் போய்விடும்.

டின்டினில் முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். முதல் இரண்டு ஆல்பங்களான சோவியத்தும் காங்கோவும் எர்ஜே கற்றுக்கொண்டிருந்த காலத்தவை. காங்கோவில் கறுப்பின மக்களைக் காட்டிய விதம் இன்று படிக்கச் சங்கடமானது. கலர் காங்கோ 2005இல் பிரிட்டனில் வந்தபோது எச்சரிக்கை வாசகத்தோடு தாள் பட்டை சுற்றித்தான் விற்றார்கள். நீ ‘தி சீக்ரெட் ஆஃப் தி யூனிகார்ன்’, ‘ரெட் ராக்கம்ஸ் ட்ரெஷர்’ இரண்டையும் ஜோடியாக எடு. ஒன்றை மட்டும் வாங்கினால் கதை பாதியில் நிற்கும். ‘செவன் கிறிஸ்டல் பால்ஸ்’, ‘பிரிசனர்ஸ் ஆஃப் தி சன்’ இன்னொரு ஜோடி. நிலாப் பயணமும் இரண்டு ஆல்பம்தான்.

யூனிகார்னைப் படிக்கும்போது ஒன்றைக் கவனி. பிரெஞ்சு மூலத்தில் டின்டினின் நண்பர் கேப்டன் ஹாடக்கின் முன்னோர் பதினான்காம் லூயியின் கப்பல் படைக் கேப்டன், ஆண்டு 1698. ஆங்கிலத்தில் அவர் இரண்டாம் சார்லஸின் ஆள், ஆண்டு 1676. லெஸ்லி லான்ஸ்டேல்-கூப்பர், மைக்கேல் டர்னர் என்ற இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் கதையைப் பிரிட்டனுக்குக் குடிபெயர்த்துவிட்டார்கள். ஆண்டை மாற்றியதும் அதனால்தான். 1698இல் சார்லஸ் உயிரோடு இல்லை. அவ்வளவு கணக்காக வேலை செய்தவர்கள்.

ஆங்கிலப் பதிப்பகம் எர்ஜேயின் படத்தையே மாற்றவைத்ததும் உண்டு. ‘தி பிளாக் ஐலண்ட்’ முப்பதுகளின் கதை. பிரிட்டன் சம்பந்தமாக 131 தவறு இருக்கிறது என்று லண்டன் பதிப்பகம் மெத்தூவன் பட்டியல் போட்டு அனுப்ப, எர்ஜேயின் உதவியாளர் பாப் டி மூர் நேரில் போய் ஸ்கெட்ச் போட்டு வந்தார். 1966இல் முழு ஆல்பமும் புதிதாக வரையப்பட்டது. வரிசை எண்ணில் அது ஏழாவது. ரயிலும் காரும் உடுப்பும் அறுபதுகள். முன்னும் பின்னும் உள்ள ஆல்பங்களோடு ஒட்டாமல் தெரிந்தால் குழம்பாதே.

‘லேண்ட் ஆஃப் பிளாக் கோல்ட்’ இதைவிட விசித்திரம். 1940 மேயில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் வந்ததும் தொடர் பாதியில் நின்றது. அப்போது ஹாடக் என்ற பாத்திரமே பிறக்கவில்லை. 1948இல் எர்ஜே மறுபடி தொடங்கும்போது ஹாடக் இல்லாத டின்டினை வாசகர் ஏற்கும் நிலையில் இல்லை. அதனால் கடைசியில் திடீரென்று வந்து நிற்பார். எப்படி வந்தேன் என்று சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே புகுந்து கெடுப்பார்கள், விளக்கம் வராமலே கதை முடியும். கதையில் விழுந்த ஓட்டையையே நகைச்சுவையாக்கிய இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அஸ்டெரிக்ஸில் முதல் 24 ஆல்பம்தான் உயிர். கதை எழுதிய கோசினி 1977இல் ‘அஸ்டெரிக்ஸ் இன் பெல்ஜியம்’ வேலை நடக்கும்போதே இறந்துபோனார். 25இலிருந்து ஓவியர் உடெர்சோ தனியாக எழுதியவற்றில் படம் குறையே இல்லை, வசனம் இளைத்துவிட்டது. முதல் ஆல்பத்தில் முகங்கள் இன்னும் பிடிபடாமல் இருக்கும் என்பதால் ‘அஸ்டெரிக்ஸ் அண்ட் கிளியோபாட்ரா’ அல்லது ‘அஸ்டெரிக்ஸ் தி லீஜனரி’யில் தொடங்கு. அட்டையில் பதிப்பகத்தின் பெயரைப் பார்க்க மறக்காதே. ஓரியன் அல்லது ஸ்ஃபியர் என்றால் ஆந்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் மொழிபெயர்ப்பு. பேப்பர்கட்ஸ் என்றால் அமெரிக்காவுக்காக 2020இல் தொடங்கிய வேறு மொழிபெயர்ப்பு, மூன்று கதை ஒரு தொகுதி, பக்கமும் சிறிது. நீ பெல்லின் வசனத்தையே படி.

இனி சினிபுக். இங்கிலாந்தின் கேன்டர்பரியில் 2005இல் தொடங்கிய பதிப்பகம். லக்கி லூக், தோர்கல், லார்கோ வின்ச், பிளேக் அண்ட் மார்டிமர், வலேரியன், இரத்தப் படலத்தின் மூலத் தொடர் என உனக்கு வேண்டியதில் பெரும்பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது. சிக்கல் வரிசை எண்ணில். அவர்கள் விற்பனையை யோசித்துத் தங்கள் எண்ணைப் போடுகிறார்கள், பிரெஞ்சு எண்ணோடு அது பொருந்தாது. பிளேக் அண்ட் மார்டிமரின் முதல் கதை, 1946இல் தொடங்கிய ‘சீக்ரெட் ஆஃப் தி ஸ்வார்ட்ஃபிஷ்’. சினிபுக்கில் அது 15, 16, 17. அவர்களுடைய 1 ‘தி எல்லோ எம்’. தோர்கலின் 1ஆம் புத்தகத்தில் பிரெஞ்சின் 7ஆவதும் 14ஆவதும் சேர்ந்திருக்கின்றன, இரண்டும் சின்ன வயதுக் கதைகள் என்பதால். லார்கோ வின்ச் முதல் புத்தகத்தில் இரண்டு ஆல்பம் அடக்கம். லக்கி லூக் ஒவ்வொன்றும் தனிக்கதை, அங்கே எண்ணைப் பற்றிக் கவலையில்லை. மற்றவற்றுக்கு உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் மூலத் தலைப்பு அச்சாகியிருக்கும், அதைப் பார்த்து ஒப்பிடு. எண்ணை மட்டும் நம்பி ஆர்டர் போட்டால் தமிழில் படித்த கதையே மறுபடி வந்து சேரும்.

சினிபுக்கிலும் இரண்டு அளவு உண்டு. லக்கி லூக்கும் மார்டிமரும் ஏறக்குறைய 21.5 × 28.5 செ.மீ. தோர்கலும் லார்கோவும் 18.5 × 25.5 அளவுக்குச் சுருங்கியவை. சுருக்கியதில் தோர்கலின் ஓவியர் ரோசின்ஸ்கியின் மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்வது எனக்கு வருத்தம்தான். ‘ஆல்டெபரன்’ தொடரில் நிர்வாணம் வரும் இடங்களில் உடுப்பு வரைந்து சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்.

கோர்ட்டோ மால்டீஸ் வாங்கினால் யூரோகாமிக்ஸ் பெயரில் வந்த கறுப்பு வெள்ளைப் பதிப்பை மட்டும் வாங்கு. 2012இல் வந்த கலர் பதிப்பில் கட்டங்களையே கலைத்து மாற்றி அடுக்கியிருந்தார்கள். கோர்ட்டோவைப் படைத்த பிராட் இரண்டு பக்கத்துக்கு வசனமே இல்லாமல் கடலையும் மேகத்தையும் நகர்த்துவார், அந்த நிதானம் அதில் செத்துப்போயிற்று. உன் கேப்டன் டைகர், அதாவது ப்ளூபெர்ரி, 1989 முதல் மார்வெலின் எபிக் பிரிவில் ஆங்கிலத்தில் வந்தது. அவை பழைய புத்தகமாகத்தான் கிடைக்கும், விலையும் கூடுதல். அதைத் தமிழிலேயே வைத்துக்கொள்.

படிக்கும்போது நமக்கு வரும் பெரிய தடங்கல் வேகம். வசன பலூனை மட்டும் வாசித்துக்கொண்டு போனால் 48 பக்கம் இருபது நிமிடத்தில் காலி. பக்கத்தைத் திருப்பியதும் முதலில் முழுப் பக்கத்தையும் பார், பிறகு வரிசையாக வா. ஒரு கட்டத்துக்குள் மேல் இடது பலூன் முதலில், உயரத்தில் இருப்பது தாழ இருப்பதற்கு முன். ‘தி கிராப் வித் தி கோல்டன் க்ளாஸ்’ பாலைவனச் சண்டையில் கொள்ளையர் ஓடும் ஒரு கட்டத்தைத் தேடிப்பார். ஒருவன் படுத்திருக்கிறான், அடுத்தவன் பாதி எழுந்திருக்கிறான், இன்னொருவன் நின்றுவிட்டான், அதற்கப்பால் உள்ளவன் ஓடுகிறான். ஒரே ஆள் எழுந்து ஓடுகிற அசைவை நாலைந்து ஆளாகப் பிரித்து ஒரே கட்டத்தில் வைத்திருக்கிறார். எர்ஜேயே தனக்குப் பிடித்த படமென்று சொன்ன கட்டம் இது. மார்டிமரில் இதற்கு நேர்மாறு: அதைப் படைத்த ஜேக்கப்ஸ் படத்தில் தெரிவதையே மேலே கட்டம் கட்டி எழுதியும் வைப்பார். அலுப்புத் தட்டினால் முதலில் படம், பிறகு எழுத்து என்று மாற்றிப் படி. ஒரே மூச்சில் முடிக்காமல் ஒரு நாளைக்கு இருபது பக்கம் போதும்.

பத்திரப்படுத்துவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆர்ட் பேப்பர் ஈரம் பட்டால் அதன் மேல்பூச்சு இளகிப் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபின் பிரித்தால் படம் உரிந்து வரும். மழைக்காலத்தில் சுவரை ஒட்டி அடுக்காதே. நனைந்துவிட்டால் ஈரம் காயுமுன்பே பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் வை. பேப்பர்பேக் ஆல்பத்தைச் சாய்த்து நிறுத்தினால் முதுகு வளைந்துவிடும். நெருக்கமாக நேராக நிறுத்து, இல்லையென்றால் படுக்கையாகப் பத்துப் புத்தகத்துக்கு மேல் போகாமல் அடுக்கு.

யூனிகார்ன் ஜோடியை இந்த மாதமே வாங்கிவிடு. தோர்கலில் தமிழில் எந்தெந்தப் பாகம் உன்னிடம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. பிரெஞ்சு எண், சினிபுக் எண் இரண்டையும் எதிரெதிரே போட்டு, எதை வாங்கவேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
சேகர்