முட்டையை விட்டுவிடுங்கள், எண்ணெய் டின்னைப் பாருங்கள்: கேன்டீன் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்சாலை கேன்டீன் கமிட்டி உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மெடிக்கல் செக்கப்பில் பலருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் கமிட்டிகள் வழக்கமாக முதலில் நிறுத்துவது முட்டையை. பாமாயில் டின் மட்டும் எப்போதும்போல் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் ஒன்றரை கிராம். 30 மில்லி பாமாயிலில் சுமார் 12 கிராம். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அவை குறைந்துபோகும், எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கிவிடும். மஞ்சள் கருவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட இதுதான் பெரும்பாலோருக்குப் பெரிய காரணம். சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் முட்டை விஷயத்தில் டாக்டர் சொன்னபடி நடக்கட்டும். மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று பாதகமில்லை.

500 பேருக்கு மதியச் சாப்பாடு. அதற்கு 15 லிட்டர் டின் ஒன்று காலியானால் தலைக்கு 30 மில்லி. ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் போதுமான எண்ணெய் ஒரே வேளையில் போய்விடுகிறது. இதை 10 லிட்டருக்குக் கொண்டுவரலாம். மாஸ்டர் டின்னைச் சாய்த்து ஊற்றும் வரை இது நடக்காது. காலையில் அன்றைய எண்ணெயை அளந்து தனிப் பாத்திரத்தில் கொடுத்துவிட்டு டின்னை ஸ்டோரில் வைத்துப் பூட்டுங்கள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் எண்ணெயைப் பஞ்சுபோல் குடிக்கும். கத்தரிக்காயை இட்லிப் பானையில் ஆவி காட்டிவிட்டுத் தாளிப்பில் போட்டால் குடிப்பது பாதியாகக் குறையும். வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து நறுக்கினால் வழவழப்புக்குப் பயந்து எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

எந்த எண்ணெய்? பாமாயிலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் தவிட்டெண்ணெயிலும் இருபதை ஒட்டி, நல்லெண்ணெயில் பதினைந்தை ஒட்டி, சூரியகாந்தியில் அதைவிடக் குறைவு. தேங்காய் எண்ணெயில் தொண்ணூறு. செக்கில் ஆட்டினாலும் அதே தொண்ணூறுதான். டின் மேல் ‘கொலஸ்ட்ரால் ஃப்ரீ’ என்று போட்டிருப்பதில் மயங்க வேண்டாம், தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. கட்டுப்படியாகாது என்பீர்கள். 15 லிட்டருக்குப் பதில் 10 லிட்டர் வாங்கினால், விலை ஒன்றரை மடங்கானாலும் பில் ஏறாது.

பரோட்டாவுக்கு வரும் வனஸ்பதி தனிக் கதை. 2022 ஜனவரி முதல், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீத வரம்பு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் வனஸ்பதி இறுகி நிற்க இப்போது பெரும்பாலும் பாமாயில் கொழுப்பையே நம்பியிருக்கிறார்கள். பரோட்டா வாரம் ஒருநாள் போதும்.

பூரி சுட்ட எண்ணெயை மறுநாள் பொரியலுக்குத் திருப்புவதும், பழைய எண்ணெய் மேல் புதியதை ஊற்றி நிரப்புவதும் உடனே நிற்க வேண்டும். பழையது புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகை கிளம்புவது, நுரை அடங்காமல் நிற்பது, ஆறியதும் பிசுபிசுப்பது எல்லாம் அதற்கு அடையாளம். பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் அமலில் உள்ள விதி. கழிவெண்ணெயைத் தெருவண்டிக்காரருக்கு விற்காமல், பயோடீசலுக்காக எடுக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.

குறைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், கூட்ட வேண்டியது பருப்பு. அதில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும். புதிதாகப் பித்தநீர் சுரக்கக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுக்கும். ஆனால் கேன்டீன் சாம்பாரில் பருப்பு மெல்லக் குறைந்து, கெட்டிக்கு அரிசி மாவு கரைக்கப்படுகிறது. தலைக்கு 30 கிராம், 500 பேருக்கு 15 கிலோ துவரம்பருப்பு என்று ஸ்டோர் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

மாலை டீக்கு போண்டா, வடைக்குப் பதிலாக வாரம் நாலு நாள் சுண்டல் போடலாம். அதற்கும் தலைக்கு 30 கிராம் கொண்டைக்கடலை. ராத்திரியே ஊறப்போட்டால் கோடையில் நுரைத்துப் புளித்துவிடும். காலை 6 மணிக்கு ஊறப்போட்டு, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி, 2 மணிக்கு வேகவையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடலை வேகாமல் நிற்கும், மாஸ்டர் சமையல் சோடாவை அள்ளிப் போடுவார், தோல் உரிந்து மாவாகிவிடும், மறுநாள் யாரும் தொட மாட்டார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து வேகவைத்தால் சோடாவே வேண்டாம். தாளிக்க 2 லிட்டர் எண்ணெய் தாராளம். தேங்காய்த் துருவல் பேருக்குத் தூவினால் போதும், குருமாவிலும் பாதித் தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலை அரைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: மெனு மாறிவிட்டது என்று யாரும் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் காட்டிப் பேசட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு மளிகை பில்லோடு, கடந்த 30 நாளில் செலவான எண்ணெய் எத்தனை லிட்டர், சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி, அடுப்படிப் பலகையில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள் சிலர்