பாட்டில் தீரும் முன்பே

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். கீமோ கொடுப்பதற்காக என் அம்மாவின் வலது கையில் பிக் லைன் போட்டிருந்தார்கள்; கை நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை போகும் மெல்லிய குழாய் அது. இரண்டாவது சுற்றின்போது ஒருநாள் நள்ளிரவில் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது. வார்டு முழுவதற்கும் ஒரே சிஸ்டர். அவர் வேறொரு நோயாளியோடு இருந்தார். சரி, வரும்போது பார்த்துக்கொள்வார் என்று ட்யூபில் இருந்த சக்கரத்தைத் திருகி மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விடிந்து பார்த்தால் லைன் அடைத்திருந்தது. கடைசியில் அதை எடுத்தே விட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் அம்மாவின் கையில் நரம்பு தேடித் தேடிக் குத்தினார்கள்.

மருந்து ஓடுவது நின்றதும் ரத்தம் குழாயின் நுனிக்குள் திரும்பி ஏறி, அங்கேயே உறைந்துவிடுமாம். சக்கரத்தை மூடுவதால் அது வெளியேறாது. சலைன் விட்டு அலச வேண்டும். அதையும் ஒரே மூச்சில் தள்ளாமல் விட்டு விட்டுத் தள்ளினால்தான் உள்சுவரில் ஒட்டியிருப்பது பெயர்ந்து போகும். அதற்கு 10 மி.லி. சிரிஞ்ச்தான் வேண்டும். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம். அடைத்த லைனில் அதை வைத்து அழுத்தினால் குழாயே கிழியலாம்.

ரத்தம் மட்டும் அடைப்பதில்லை. ஒத்துப்போகாத மருந்துகள் சேர்ந்தாலும் அடைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை டிரிப்ஸோடு சேர்ந்தால் துகளாகப் படியும். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக் கால்சியம் ஆகாது; ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸில் கால்சியம் இருப்பதால் இரண்டும் ஒன்றாகச் சேரக் கூடாது.

இவ்வளவையும் எனக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்தவர் ஒரு சிஸ்டர்தான். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஆள் எத்தனை பாட்டிலுக்கு ஓடுவார்? தயவுசெய்து இரவுப் பணிக்கு இன்னொருவரைப் போடுங்கள். சலைன் சிரிஞ்சுகள் ஒவ்வொரு வார்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கூட இருக்கும் எங்களுக்கும் அட்மிஷன் அன்றே சொல்லுங்கள்: பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே கூப்பிட வேண்டும், லைனில் நாங்களாக எதையும் திருகக் கூடாது என்று. யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் சிஸ்டரின் கையைப் பிடித்தாவது கூட்டிவந்திருப்பேன்.

வீட்டுக்குப் போகும் நோயாளிகளை நினைத்தால்தான் எனக்கு அதிக வருத்தம். பயன்படுத்தாத நாட்களிலும் பிக் லைனை வாரம் ஒருமுறையாவது அலச வேண்டும். இதற்காக மட்டும் கீமோவில் தளர்ந்த உடம்போடு பல மணி நேரம் பஸ்ஸில் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வர முடியாதவர்கள் விட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்து அலச வேண்டிய தேதியை எழுதுங்கள். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் அதைச் செய்யத் தெரிந்த மருத்துவமனை எது என்று விசாரித்து, அதையும் கீழே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்