பசையை ஊற்றுங்கள், டிரையாக்கை மட்டும் தனியாக வையுங்கள்

வாஷிங் மெஷின் கம்பெனிகளில் சர்க்கியூட் போர்டு டிசைன் செய்கிறவர்களுக்கு,

வணக்கம். கஸ்டமர் கேருக்கு எழுதினால் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு மெசேஜ் வரும், அதோடு சரி. அதனால்தான் போர்டை வரைகிற உங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மெஷின் டாப் லோடு, ஆறரை கிலோ, வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு நாள் காலையில் எந்தப் பட்டனையும் அமுக்காமல், பிளக்கைச் சொருகியதுமே டப்புக்குள் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அம்மா ஓடிப்போய்க் குழாயை மூடினார். சர்வீஸ் ஆள் வந்தார், மேல்மூடியைக்கூடக் கழற்றவில்லை, “போர்டு போச்சு சார், 4,800 ஆகும், பழைய போர்டை நாங்க எடுத்துக்குவோம்” என்றார். வந்து பார்த்ததற்கு 450 தனி.

அவர் சொன்னது பொய் இல்லை. பிளக்கைப் பிடுங்கினால் தண்ணீர் நின்றுவிட்டது. வால்வில் மண் அடைத்திருந்தால் கரண்ட் இல்லாதபோதும் ஒழுகியிருக்கும். ஆக, கோளாறு போர்டில்தான். ஆனால் போர்டில் எங்கே? தண்ணீர் வால்வுக்குக் கரண்ட் விடுகிற டிரையாக்கில், அதாவது சுவிட்ச் வேலை பார்க்கிற, மூன்று கால் வைத்த ஒரு பொடிச் சாமானில். மின்னலோ, போன கரண்ட் திரும்பி வரும்போது எகிறுகிற வோல்டேஜோ அதை ஷார்ட் ஆக்கிவிட்டால், அப்புறம் அது எப்போதும் ஆன்தான். மல்டிமீட்டரை வைத்தேன், அதில் கரண்ட் ஓடுகிற இரண்டு காலுக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம், அதாவது ஷார்ட். சென்னை ரிட்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதே நம்பர் போட்டது 25 ரூபாய்க்குக் கிடைத்தது. கை தவறினால் இருக்கட்டும் என்று மூன்று வாங்கினேன்.

மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் அதைத் தொடுவதற்கே மூன்று சாயங்காலம் போயிற்று, நீங்கள் போர்டு முழுக்க ஊற்றி வைத்திருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரியான பசையால். ஹேர் டிரையரில் சூடு காட்டி, மூங்கில் குச்சியால் நுங்கு நோண்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக நோண்டினேன். அதில் பக்கத்தில் இருந்த ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்து வந்துவிட, அதையும் பற்றவைக்க வேண்டியதாயிற்று. புதுசு போட்ட இடத்தை மறுபடி சிலிகானால் மூடினேன் (வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் வேண்டாம், செம்பை அரித்துவிடும்).

பசையே கூடாது என்று சொல்ல வரவில்லை. பாத்ரூம் ஈரம், சோப்பு நுரை, எறும்பு எல்லாவற்றிலிருந்தும் போர்டைக் காப்பாற்றுவது அதுதான். பசை இல்லாத எங்கள் பழைய மெஷினில், போர்டின் மேல் ஒரு பல்லி கருகிக் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

நான் கேட்பது ஒன்றுதான். ஃபியூஸ், எகிறுகிற வோல்டேஜைத் தடுக்கிற வேரிஸ்டர், டிரையாக், பவர் சப்ளை கெபாசிட்டர், இவைதான் அடி வாங்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போர்டின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் அவ்வளவு சுலபத்தில் சாகாது. அப்படியிருக்க இந்த நாலையும் தனியாக ஒரு சின்ன போர்டில் வைத்து, அதற்கும் பசை ஊற்றி, ஒரு கனெக்டரில் மாட்டக் கூடாதா? போனால் அந்தத் துண்டை மட்டும் விற்கலாமே. 25 ரூபாய்ச் சாமானுக்காக நல்ல மூளையையும் சேர்த்து ஏன் குப்பையில் போடுகிறோம்?

“பாதுகாப்புக்காகத்தான் மூடி வைக்கிறோம்” என்பீர்கள். வாஸ்தவம்தான். பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும், பல போர்டுகளில் அந்த மூளைக்குப் போகிற 5 வோல்ட் லைனே வீட்டு மெயின் கரண்டோடு நேராகச் சேர்ந்திருக்கும், 5 வோல்ட்தானே என்று கரண்டோடு தொட்டால் ஆளையே தூக்கிவிடும். ஆனால் இது உங்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லையே. பழைய ரேடியோ, டிவியோடு சர்க்கியூட் படமே வரும். இப்போது படமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அதற்காக யாரும் திறக்காமல் இருப்பதில்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு திறக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், மாடல் கடைசியாகச் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுக்கு வாஷிங் மெஷின் போர்டு ரிப்பேர்காரர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கேயும் வீட்டுக்காரருக்கு இல்லை, அதுவும் முழு போர்டுதான், இருந்தாலும் ஏதோ இருக்கிறது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. அதில் உங்கள் போர்டின் சர்க்கியூட் படத்தை ஏற்ற ஒரு பக்கம் போதும்.

மீதி இரண்டு டிரையாக் டிராயரில் கிடக்கின்றன. எதிர்வீட்டு மெஷினிலும் தண்ணீர் நிற்கவில்லையாம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது உங்களில் யார் ஊற்றிய பசையோ, கொஞ்சம் இளகினதாக இருந்தால் தேவலை.

இப்படிக்கு,
நகத்தில் இன்னும் பசை ஒட்டியிருக்கும் ஒரு வாடிக்கையாளர்