அடுத்து என்ன வரும் என்று பிள்ளைகளோடு பேசுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. மதிப்பெண்களைப் பற்றி வகுப்பாசிரியர்கள் உங்களிடம் பேசுவார்கள். நான் இந்த முறை வேறு ஒன்றைக் கேட்டு எழுதுகிறேன். வீட்டில் அடுத்து வரப்போகிற மாற்றங்களைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கான ஏற்பாடுகளில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேதாரண்யம் பக்கத்து மக்களுக்கு முன்யோசனையை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மழை இறங்குவதற்கு முன்பே உப்பளத்தில் உப்பை அம்பாரமாகக் குவித்து மூடிவிடுகிறீர்கள். காற்றின் போக்கைப் பார்த்துத்தான் படகை இறக்குகிறீர்கள். ஆனால் இந்த யோசனை எல்லாம் பெரியவர்களின் மனதுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பிள்ளைகள் கண்ணுக்குக் கடைசியில் செய்கிற வேலை மட்டும் தெரிகிறது. ஏன் இப்போது, ஏன் இப்படி என்று நீங்கள் கணக்குப் போட்டது தெரிவதில்லை. அதைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொன்னாலே போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

முதலில் மழையைப் பற்றி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் பகுதியில் கரையைக் கடந்தது. இன்றைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது சிறு குழந்தைகள். எச்சரிக்கை முன்பே வந்ததால் பல்லாயிரம் பேர் முகாம்களுக்குப் போய் உயிர் தப்பினார்கள். ஆனால் தென்னையும் கூரையும் விழுந்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த அந்த நாட்களில், நனைந்து ஒட்டிப்போன சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த குடும்பங்கள் நிறைய. ஆகவே இந்த வாரம் ஒரு மாலை நேரத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, குடும்ப அட்டை, ஆதார், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து வைப்பதைப் பிள்ளையே செய்யட்டும். வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் அந்த உறையை யார் எடுப்பது, பாட்டியை யார் கூட்டிப்போவது, எந்த முகாமுக்குப் போவது என்று அன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. இதைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறோம், நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இப்படிப் பேசினால் குழந்தை பயந்துவிடும் என்று சில தாய்மார்கள் நினைக்கிறார்கள். என்ன செய்வது என்று தெரிந்த குழந்தைக்குப் பயம் குறைவு. இதை வகுப்பறையில் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

அப்புறம் பணம். பிள்ளைகளிடம் பணக் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நம் ஊரில் கையில் காசு இல்லாத காலம் எது என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. பத்தாம் வகுப்பு முடிவு வருவதும், பதினொன்றாம் வகுப்பு, ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்க்கை நடப்பதும் சரியாக அதே நாட்களில்தான். உப்பள வீடுகளுக்கு மழைக்காலம் முழுவதும் வேலை இருக்காது. வரவு நிற்கும் மாதமும் செலவு வரும் மாதமும் ஒன்றாக வருவதைக் காலண்டரில் குறித்து, பிள்ளையோடு பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற மகளால் அதைப் புரிந்துகொள்ள முடியும். மே மாதத்துக்கு என்று இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினால் வட்டிக்கு வாங்குவதில் ஒரு பங்காவது குறையும்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் வேலை தொடங்கப்போகிறது. பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பள்ளிப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மதிப்பெண் சான்றிதழில் வரும். அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள். 15 வயது நிறைந்த பிள்ளைகளுக்கு ஆதாரில் கைரேகையும் கருவிழியும் மறுபடி பதிய வேண்டும், அதையும் முடித்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் பழையதை நம்பி இருக்க வேண்டாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொருவரையும் தாண்டித்தான் வரவேண்டும். சேர்க்கை நேரத்தில் ஊரே வரிசையில் நிற்கும்.

நம் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. அடுத்த இரண்டு ஆண்டு எங்கே என்ற முடிவைச் சிலர் தேர்வு முடிவு வந்த பிறகு, பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு எடுக்கிறார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020 முதல் இருக்கிறது. பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் 2021-இல் அது வந்துவிட்டது. அப்படி அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது, மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் இருக்கிறது. பதினொன்றில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றியதால் இந்த 7.5 சதவீத வாய்ப்பு கைநழுவிய குடும்பங்களை எனக்குத் தெரியும். யாரும் அவர்களுக்கு முன்பே சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான். எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வில் தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். பிள்ளையை எழுத வையுங்கள்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். ஆறாம், ஏழாம் வகுப்பில் பெண் குழந்தைகள் வயதுக்கு வருகிறார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல், தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று அழுதபடி ஆசிரியையிடம் ஓடிவரும் குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். அம்மாக்களே, ஒன்பது பத்து வயதிலேயே சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தால் அத்தையோ சித்தியோ சொல்லட்டும். பள்ளியில் நாப்கின் இருக்கிறது, ஆசிரியைகள் இருக்கிறார்கள், ஆனால் அந்த முதல் வார்த்தை வீட்டிலிருந்து வந்தால் குழந்தைக்கு எவ்வளவோ தைரியம். அப்பாக்களே, குரல் உடைந்து முகத்தில் பரு வரத் தொடங்கிய மகன் ஏன் எரிந்து விழுகிறான் என்று அவனுக்கே தெரியாது. அவனிடம் பேச வேண்டியது நீங்கள்தான்.

வீட்டில் நடக்கிற மற்ற மாற்றங்களும் அப்படித்தான். அப்பா சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போவதை விமான டிக்கெட் வந்த பிறகுதான் பல பிள்ளைகள் கேள்விப்படுகிறார்கள். அடுத்த மாதம் அவர்களின் வீட்டுப்பாடமும் வருகையும் குறையும்போது எங்களுக்குக் காரணம் தெரிவதில்லை. தாத்தாவின் உடல்நிலை, வீடு மாற்றம், புதிதாகப் பிறக்கப்போகும் தம்பி தங்கை, எதுவானாலும் பிள்ளைக்குப் புரிகிற அளவில் முன்பே சொல்லுங்கள். "அப்பா ஊருக்குப் போன பிறகு தண்ணீர் பிடிப்பது யார், தங்கையைப் பள்ளிக்குக் கூட்டிவருவது யார்?" என்று அவர்களிடமே கேளுங்கள். நாம் நினைப்பதைவிட நல்ல பதில் வரும்.

இந்தக் கடிதத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறோம். வரும் ஆறு மாதத்தில் உங்கள் வீட்டில் எதிர்பார்க்கிற மாற்றம் ஏதாவது இருந்தால், நீங்களும் பிள்ளையும் சேர்ந்து அதில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். சொல்ல விரும்பாததை எழுத வேண்டாம். எழுதப் படிக்கச் சிரமம் உள்ளவர்கள் நேரில் வரலாம், மாலை நான்கரை மணிக்குப் பிறகு நான் பள்ளியில் இருப்பேன். சான்றிதழ் வேலைகளில் உதவி தேவைப்படுவோரின் பெயர்களை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தொகுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு உயர்நிலைப் பள்ளி