சீட்டுக்கு முன்னால் ஷாக்கைப் பார்

அன்புள்ள குமார்,

உன் கடிதமும் சாமான் பட்டியலும் வந்து சேர்ந்தன. செப்டம்பரில் சேலத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் இமாசல மலைப் பகுதியான ஸ்பிதிக்குக் கிளம்புகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. பட்டியலைப் பார்த்த பிறகுதான் விரிவாக எழுதவேண்டும் என்று தோன்றியது. ஜெல் பேட், பெரிய விண்ட்ஷீல்டு, ஹேண்டிலை உயர்த்தும் 50 மி.மீ. ரைசர், கால் வைக்கும் அகல ஃபுட்பெக் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டப்போகிறேன் என்கிறாய். அப்படிச் செய்தால் எது வலியைக் குறைத்தது, எது கூட்டியது என்று உனக்கே தெரியாது. ஒன்றை மாற்று, 100 கி.மீ. ஓட்டிப் பார், பிறகு அடுத்ததைத் தொடு. காசு செலவில்லாத வேலைகளை முதலில் முடி.

முதல் வேலை பின் ஷாக், அதாவது பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு. உன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ல் பின்சக்கரம் 180 மி.மீ. வரை மேலும் கீழும் போய்வரும். நீயும் சாமானும் ஏறியபின் அதில் ஏறக்குறைய 50 முதல் 55 மி.மீ. அமுங்கியிருக்க வேண்டும். அளப்பது சுலபம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வைத்துக்கொள். ஆக்ஸில் (சக்கர அச்சு) நடுவிலிருந்து நேர் மேலே, கேரியரில் ஒரு இடத்தில் டேப் ஒட்டிக் குறித்து, இடைவெளியை அள. உதாரணமாக 600 மி.மீ. என்று வை. அடுத்து ஸ்டாண்டை எடுத்துவிட்டு, சாமான் இல்லாமல், நீயும் ஏறாமல் வண்டியை நேராகப் பிடித்து அள. 580-க்குச் சற்று மேலே காட்டவேண்டும். கடைசியாக முழுச் சாமானோடு, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு நீ உட்கார்ந்த நிலையில் இன்னொருவர் அளக்கட்டும். 545-லிருந்து 550 வந்தால் சரி.

அதற்கு மேல் அமுங்கினால் கொக்கி மாதிரி இருக்கும் சி-ஸ்பானரால் ஸ்பிரிங்கின் காலரை (வளையத்தை) திருப்பி ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் அழுத்தத்தை, ஒரு படி கூட்டு. காலரில் அப்பியிருக்கும் மண்ணை முதலில் கழுவு, இல்லாவிட்டால் ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி கிழியும். ஒன்று நினைவில் வை: ப்ரீலோட் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டியின் உயரம்தான் கூடும். நீ ஏறிய அளவு சரியாக வந்தும், காலி வண்டி கொஞ்சமும் அமுங்காமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் உன் எடைக்குப் போதவில்லை என்று பொருள். அப்போது கனமான ஸ்பிரிங்தான் தீர்வு.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சீட் வலி என்று பேசப்படுவதில் பெரும்பங்கு ஷாக்கால் வருவது. பின்பக்கம் அதிகம் அமுங்கினால் சீட் பின்னால் சாய்கிறது, உடல் எடை வால் எலும்பில் இறங்குகிறது. ஷாக் இன்னும் அமுங்க மிச்சமிருக்கும் தூரம் குறைந்துபோவதால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகில் இடிக்கிறது. முன்சக்கரம் லேசாகி, லாரி கடக்கும்போது வண்டி அலையவும் செய்யும். அதைப் பிடித்து நிறுத்தித் தோள் சோர்ந்துபோகும். எவ்வளவு நல்ல பஞ்சு வைத்தாலும் இது போகாது.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கையும் இப்படியே பார். ரப்பர் பூட்டைத் தூக்கி, குழாயில் ஒரு ஜிப் டையை (பிளாஸ்டிக் கட்டு) கட்டினால் அமுங்கும் அளவு தெரியும். முன்சக்கரம் போய்வரும் 200 மி.மீ.-ல் 50, 60 அமுங்குவது நல்லது. உன் வண்டி 2018 மாடல். இதுவரை ஃபோர்க் ஆயிலே மாற்றவில்லை என்றால் அதை உடனே மாற்று. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, ஃபோர்க்கின் இரண்டு காலிலும் (குழாயிலும்) எண்ணெய் மட்டம் ஒரே அளவாக இருக்கும்படி வைக்கச் சொல். சக்கரம் மாட்டும்போது ஆக்ஸில் கிளாம்பை இறுக்குமுன் ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி விடவேண்டும். இரண்டு காலும் நேராகாமல் இறுக்கினால் ஃபோர்க் உள்ளே பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன அதிர்வையெல்லாம் கைக்கு அனுப்பும்.

டயர் காற்றைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது உன் சொந்த கேஜில் பார். பங்க்கில் சொல்லாமலே 40 பி.எஸ்.ஐ. அடித்துவிடுவார்கள், வண்டி கல்லாகிவிடும்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். ஜெல் பேட் வேண்டாம். வெயிலில் ஜெல் சூட்டை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். நாக்பூர்ப் பக்கம் மதிய வெயிலில் டீ குடித்துவிட்டு வந்து ஏறினால் தெரியும். மேலே கட்டும் பேட் நகரவும் செய்யும். அதற்குப் பதில் பஞ்சையே சரிசெய். தரையில் ஒரு அட்டையை வைத்து, முழங்காலைத் தூக்கி ஒரு நிமிடம் அதன்மேல் உட்கார். உட்காரும் எலும்பு இரண்டும் பதிந்த குழி தெரியும். அவற்றின் நடு இடைவெளி பெரும்பாலும் 10 முதல் 14 செ.மீ. இருக்கும். சீட்டில் நீ உட்காரும் இடம் அதைவிடக் குறைந்தது 5 செ.மீ. அகலமாக, தட்டையாக இருக்கவேண்டும். முன்னால் சரிந்திருந்தால் டாங்க்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருப்பாய். அதனால்தான் தொடை இடுக்கில் எரிச்சல்.

சீட் தைப்பவரிடம் மெத்து மெத்தென்று வேண்டும் என்று கேட்டுவிடாதே. மெத்துப் பஞ்சு அரைமணி சுகம், அதன்பிறகு அடித்தட்டில் எலும்பு தட்டும். அடியில் 20, 25 மி.மீ. ரீபாண்டட் ஃபோம் (துண்டுகளை ஒட்டி அழுத்திய கெட்டிப் பஞ்சு), மேலே 10, 15 மி.மீ. கொஞ்சம் இளகிய ஃபோம், இந்த அடுக்கு போதும். அந்தத் தடிமனுக்குப் பழைய பஞ்சைச் சீவிவிடச் சொல், இல்லாவிட்டால் 800 மி.மீ. சீட் உயரம் கூடி உன் கால் எட்டாது. தொடை வரும் ஓரங்களையும் குறுக்கச் சொல். பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, காய்ந்து ஒட்டும் பதம் வந்ததும் அழுத்தவேண்டும். அப்பி வைத்தால் காய்ந்து வரம்பு மாதிரி கெட்டியாகி, மூன்றாம் நாள் அதுதான் குத்தும். ரெக்சினை இழுத்து விறைப்பாகத் தைத்தால் மேளத்தோல் மாதிரி ஆகி, பஞ்சு வேலையே செய்யாது. எலும்பு பதியும் இடத்தில் தையல் வரக்கூடாது. மேலே ஏர் மெஷ் கவர் ஒன்று போட்டுக்கொள், வியர்வை தங்காது. உள்ளாடையும் தடித்த தையல் இல்லாததாக இருக்கட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலை உரிக்கும்.

ரைசர் 50 மி.மீ. மிக அதிகம். நின்று ஓட்டும்போது குனியாமல் இருக்க 20, 25 போதும். அதற்கு மேல் போனால் கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், ஸ்விட்ச் ஒயர் எல்லாம் விறைக்கும். மாட்டியபின் நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்பு. ஆர்.பி.எம். (என்ஜின் சுற்றும் வேகம்) ஒரு சொட்டு ஏறினாலும் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் யு-டர்னில் வண்டி தானாகப் பாயும். கேபிளை வேறு வழியாகக் கொண்டுபோ, இல்லை ரைசரைக் குறை. ரைசருக்குப் போடும் நீளமான போல்ட் குறைந்தது 12 மி.மீ. மரைக்குள் இறங்கியிருக்கவேண்டும்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவதாக எழுதியிருந்தாய். உள்ளங்கையின் வெளி ஓரத்தில் எடை விழுவதால் அங்கே ஓடும் நரம்பு அமுங்குகிறது. கிளட்ச், பிரேக் லீவர் இரண்டையும் முன்கையின் நேர்கோட்டில் வருமாறு திருப்பிவை. நின்று ஓட்டவும் வேண்டியிருப்பதால் அதிலிருந்து கொஞ்சம் கீழே. நாலு போல்ட் தளர்த்தி இறுக்கும் வேலைதான். ஹேண்டில் முனையில் மாட்டும் பார் எண்ட் வெயிட் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். இந்த ஒற்றை சிலிண்டருக்கு 80, 90 கி.மீ. வேகம்தான் இதமானது. அதற்கு மேல் விரட்டினால் எந்த வெயிட்டும் காப்பாற்றாது.

விண்ட்ஷீல்டு பெரிதாக இருந்தால் காற்று நிற்கும் என்பது சரியல்ல. அதன் விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல்காற்று ஹெல்மெட்டில் வந்து விழுந்தால் தலை உலுக்கும். ஓடும்போது இருக்கையிலிருந்து கொஞ்சம் எழுந்து பார். சத்தம் சீராகிவிட்டால் உன் தலை அந்தச் சுழலுக்குள் இருக்கிறது. இருக்கிற விண்ட்ஷீல்டின் அடியில் வாஷர் வைத்து 25 மி.மீ. இடைவெளி விட்டாலே பல நேரம் அடங்கிவிடும். காதுக்கு ஃபோம் அடைப்பான் வாங்கு. ஹார்ன் கேட்கும், இரைச்சல்தான் குறையும். சாயங்காலம் அந்தச் சோர்வு எங்கே போனது என்று தேடுவாய்.

உன் வண்டியில் முழங்கால் போய் இடிப்பது டாங்க் ஓர இரும்புச் சட்டத்தில். 2021-ல் கம்பெனியே அதை மாற்றியமைத்தது. உன்னுடையது பழையது என்பதால் கழற்றிவிடு, அல்லது புதியது கிடைத்தால் மாட்டு. பின்கேரியரில் கனத்தை ஏற்றாதே. டூல்ஸைக் கீழே முன்பக்கம் கொண்டுபோ.

சோதனைக்கு இரண்டு ஓட்டம் போதும். முழுச் சாமானோடு தொப்பூர் வழியாகக் கிருஷ்ணகிரி போய்த் திரும்பு, ஏறக்குறைய 220 கி.மீ. நெடுஞ்சாலை. மறுநாள் ஏற்காடு ஏறி இறங்கு, 20 கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கும்போது வழுக்குகிறாயா, ஹேண்டில் எங்காவது பிடிக்கிறதா என்று பார். எங்கே வலித்தது, எத்தனையாவது கிலோமீட்டரில் என்று ஒரு தாளில் குறித்துவை.

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? கேட்டதாகச் சொல். ஷாக் அளந்த மூன்று எண்ணையும், அட்டையில் பதிந்த அளவையும் அடுத்த கடிதத்தில் எழுது. அதைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் மாற்றவேண்டுமா என்று சொல்கிறேன். அதுவரை பட்டியலில் எதையும் வாங்காதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்