உதடு பேசிய ஊர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. என் பங்குக்கு ஒரு செய்தி: காது போய்விட்டது. வலது காது பாதி, இடது காது பெயருக்கு. நீ போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்காததற்கு அதுதான் காரணம். மகள் வற்புறுத்தி ஒரு கருவியை மாட்டிவிட்டாள். குக்கர் விசில் அதில் இடியாக இறங்குகிறது. மனைவியின் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அவள் பேச்சு எனக்கு நாற்பது வருடமாகவே அப்படித்தான் கேட்கிறதாம்.

கருவி பொருத்திய பெண் சோதனைக்காக ஓசையில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பத்து ஆங்கிலச் சொற்கள் சொன்னாள். எட்டைச் சரியாகச் சொல்லிவிட்டேன். “எங்கே கற்றுக்கொண்டீர்கள்?” என்றாள். சிறுவயதில், இங்கிலாந்தின் நெசவு ஊரான பர்ன்லியில், ஒரு வரிசைவீட்டு வாசற்படியில் என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்?

அங்கே நம் இரண்டு வீட்டுக்கும் நடுவீட்டில் இருந்த ஆங்கிலேயப் பாட்டியை நீ மறந்திருக்க மாட்டாய். பன்னிரண்டு வயதில் அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி என்று தொடங்கியவர்; அன்றைய சட்டம் அதை அனுமதித்தது. தறிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே சமயத்தில் அடிக்கும்போது காதருகில் கத்தினாலும் கேட்காது. அதனால் பர்ன்லி இருக்கும் லங்காஷயர் வட்டாரத்து நெசவுப் பெண்கள் உதட்டையும் முகத்தையும் பெரிதாக அசைத்தே பேசிப் பழகினார்கள். அதற்கு ‘மீ-மா’ என்று பெயர் வேறு. ஆலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. பாட்டியும் எதிர்வரிசைக் கிழவியும் மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் நின்றபடியே தெருவின் குறுக்கே ஊர்வம்பு பேசித் தீர்ப்பார்கள். அருகருகே நின்றால்கூட, பெண்களின் நோய், கடன், யார் மகள் யாரோடு என்று வந்துவிட்டால் குரல் நின்றுவிடும். உதடு மட்டும் ஓடும். நாம் கோலி ஆடுகிற பாவனையில் அத்தனையையும் படித்தோம்.

அந்த வித்தையை வகுப்பில் காட்டப் போய்த்தானே மாட்டிக்கொண்டோம்! நீ கடைசி பெஞ்சிலிருந்து அனுப்பிய விடை ‘ஃபிஃப்டி’. நான் எழுதியது ‘ஃபிஃப்டீன்’. உதட்டில் இரண்டும் ஒன்றுதான்.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. நேற்று மனைவி மாத்திரை கேட்டாள். பாத்திரம் எடுத்துப் போனேன்.

பாட்டியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று. பின்சந்துக் கொடியில் அப்பாவின் கதர் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று மழை. பாட்டி அதை உருவி எடுத்துவந்து எங்கள் சமையலறை விளக்குக்கு எதிரில் பிடித்தார். ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெருடினார். “கையால் நெய்ததா? ஊடை நெருக்கம் போதாது” என்றார். பிறகு, தன் அக்கா பக்கத்து ஊரான பிளாக்பர்னில் இந்தியாவுக்கு வேட்டி நெய்தவள் என்றும், வேட்டியை அங்கே ‘டூட்டி’ என்பார்கள் என்றும், முப்பதுகளில் அக்கா வேலையில்லாமல் உட்கார்ந்ததற்கு இந்தத் துணிதான் காரணம் என்றும் சொன்னார். 1931 செப்டம்பரில் காந்தி அந்தப் பக்கத்து டார்வெனுக்கு வந்து ஆலைத் தொழிலாளர்களைப் பார்த்தார் அல்லவா, அந்தக் காலம். அப்பா நெளிந்தார். (ஜப்பான் துணியும் இந்திய ஆலைகளும் செய்ததை எல்லாம் கதர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அதைச் சொல்லும் நேரமா அது?) பாட்டி வேட்டியை விளிம்போடு விளிம்பு சேர்த்து நான்காக மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தேநீர் கேட்டார்.

அவருடைய ஆலை நாம் போவதற்கு முன்பே மூடிவிட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய தறிகளைக் கழித்துக்கட்டுவதற்கு அரசே இழப்பீடு கொடுத்தது. தாம் ஓட்டிய நான்கு தறிகளைச் சம்மட்டியால் உடைத்ததைப் பாட்டி சொல்வார். அதைக் குரலோடுதான் சொல்வார்.

போன கோடையில் மகள் என்னை அங்கே அழைத்துப்போனாள். அவள் மான்செஸ்டரில் இருப்பதால் வந்த வாய்ப்பு. புகைபோக்கிகள் அநேகமாக இல்லை. பெண்டில் மலை இருந்த இடத்தில் இருக்கிறது. பர்ன்லியை ஒட்டிய ஹார்ல் சைக்கில் 1894இல் கட்டிய குவீன் ஸ்ட்ரீட் ஆலை மட்டும் தப்பிவிட்டது. 1982 வரை நீராவியில் ஓடியது, இப்போது அருங்காட்சியகம். 500 குதிரைத்திறன் கொண்ட இஞ்சினுக்கு, முதல் உலகப் போருக்குப் பிறகு ‘பீஸ்’ என்று பெயர் வைத்தார்களாம். சமாதானம்!

சில தறிகளை ஓட்டிக் காட்டினார்கள். பேரன் காதைப் பொத்திக்கொண்டான். நான் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். தரை வழியாகக் கால் எலும்பில் ஏறியது அந்தச் சத்தம். தறியோரம் நின்ற வயதான பெண்மணி, கூடத்தின் மறுகோடியில் இருந்த தோழியிடம் உதட்டாலேயே சொன்னார்: “அந்த வழுக்கைத்தலை அழுகிறது, பார்.”

நானும் உதட்டாலேயே சொன்னேன்: “பஞ்சு கண்ணில் விழுந்துவிட்டது.”

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பும் எனக்குக் கேட்கவில்லை.

உன் கால்பந்துப் பைத்தியம் தெளிந்ததா? பர்ன்லி தோற்ற அன்று நீ இன்னும் சாப்பிடுவதில்லை என்று உன் மனைவி என் மனைவியிடம் சொன்னாளாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. விளக்கு உன் முகத்தில் விழும்படி உட்கார். ஆங்கிலத்தில் பேசு. முக்கியமாக, அந்த மீசையைக் கத்தரித்துவிட்டு வா. மேலுதடு தெரியவே மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
14ஆம் நம்பர் வீட்டுக்காரன்