2025ம் வருஷ ஆண்டறிக்கை - செயலாளர்

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் சாருக்கும், மழையிலயும் இன்னிக்கு வந்திருக்கிற எல்லா வாலண்டியர்ஸுக்கும் நன்றி. வரவு செலவ பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க, அதனால நான் நம்ம நாய் ஷெல்டர்ல, அதாவது காப்பகத்துல, நடந்த வேலைய மட்டும் சொல்றேன்.

இந்த வருஷம் புதுசா நிறைய பேர் சேர்ந்தாங்க, சந்தோஷம். முக்காவாசி பேர் முதல்ல கேக்குறது "குட்டிங்க எங்க இருக்கு"ன்னுதான். ஆனா நம்ம ஷெல்டர்ல பெரும்பாலும் இருக்கிறது வயசான நாய், வண்டில அடிபட்டு இடுப்புக்குக் கீழ அசைக்க முடியாத நாய், தோல் முழுக்க சொறி புடிச்ச நாய், வீட்டுல வளத்துட்டு வேணாம்னு விட்டுட்டுப் போன நாய். காலைல கென்னல், அதான் நாய் அடைக்கிற கூண்டு, கழுவணும், தட்டு தேய்க்கணும், உண்ணி எடுக்கணும், ஒவ்வொண்ணா வெளிய நடக்க கூட்டிட்டுப் போகணும். வாரம் ஒரு தடவைன்னாலும் சொன்ன நாள்ல வர்றவங்கதான் நமக்கு வேணும், ஏன்னா நாய்ங்க ஆள ஞாபகம் வச்சுக்குது, எதிர்பார்க்குது.

இதுக்கு நம்ம ரிட்டயர்டு பேங்க் அம்மாவத்தான் சொல்லணும். பின்னாடி கென்னல்ல ஒரு கருப்பு பொட்ட நாய் இருக்கு, கருப்பின்னு கூப்பிடுறோம். வந்தப்ப மூலைல சுவத்த பாத்து படுத்துக்கும், ஆள் இருந்தா சாப்பிடவே சாப்பிடாது, ராத்திரி எல்லாரும் போனப்புறம்தான் தட்டு காலியாகும். அந்தம்மா ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் வந்து கென்னலுக்குள்ள தரையில ஒருபக்கமா திரும்பி உக்காந்து, நாயோட கண்ண பாக்காம, கைய நீட்டாம, தினத்தந்திய வாய்விட்டு படிச்சாங்க. அவ்வளவுதான் செஞ்சாங்க. தொட முயற்சி பண்ணவே இல்ல. மாசக்கணக்கா இது நடந்துச்சு. ஒருநாள் அவங்க படிச்சிட்டு இருக்கும்போதே கருப்பி எந்திரிச்சு வந்து சாப்பிட்டுச்சு. மனுஷங்க இருக்கும்போது ஒரு நாய் தலைய குனிஞ்சு சாப்பிடுதுன்னா பயம் விட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், இந்த வருஷத்துல நம்ம சங்கம் செஞ்ச பெரிய வேலை இதுதான்னு நான் நினைக்கிறேன். இப்ப கயிறு கட்டி கேட் வரைக்கும் நடக்குது. புதுசா வர்றவங்களுக்கும் இதத்தான் சொல்லிக் குடுக்குறோம்: தலைக்கு மேல கைய கொண்டு போகாதீங்க, குனிஞ்சு கட்டிப் புடிக்காதீங்க, அதுவா வந்து மோந்து பாக்கட்டும்.

குட்டிங்க விஷயத்துல இந்த வருஷம் ரொம்ப கஷ்டப்பட்டோம். மழைக்கு முன்னாடி யாரோ குட்டிங்கள அட்டைப்பெட்டில போட்டு கேட்டுக்கு வெளிய வச்சிட்டுப் போனாங்க, அதுங்களுக்கு பார்வோங்கிற வைரஸ் நோய் வந்துருச்சு. அதுக்கு பெரும்பாலும் செய்ய முடிஞ்சது, டிரிப்ஸ் ஏத்தி, வாந்தி பேதிய கட்டுப்படுத்தி, குட்டி தானா தாங்கிக்குதான்னு பாக்குறதுதான். சிலது போயிருச்சு. அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல இருக்கும், சாதாரண சோப்பு தண்ணிக்கெல்லாம் போகாது, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து கழுவணும். செருப்புலயே ஒரு கென்னல்ல இருந்து இன்னொண்ணுக்கு போயிரும், அதனாலதான் குட்டி இருக்கிற பக்கத்த பூட்டினோம், வருத்தப்பட்டவங்க புரிஞ்சுக்கணும். தாய்க்கு கு.க., அதாவது கருத்தடை, ஆபரேஷன் பண்ணியிருந்தா அந்தப் பெட்டியே வந்திருக்காது.

அடுத்து கோர்ட் விஷயம். ஆகஸ்ட் 11ம் தேதி டெல்லி தெருநாய எல்லாம் பிடிச்சு ஷெல்டர்ல அடைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தது, 22ம் தேதி அத மாத்தி, ஆபரேஷனும் ஊசியும் போட்டு பிடிச்ச இடத்துலயே விடணும், ரேபிஸ், அதாவது வெறிநோய், இருக்கிறதையும் ஆக்ரோஷமா இருக்கிறதையும் மட்டும் விடக்கூடாதுன்னு சொன்னாங்க. நவம்பர் 7ம் தேதி ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடத்துல இருக்கிறத எடுத்துட்டு திரும்ப அங்க விடக்கூடாதுன்னு வந்தது. அன்னைலருந்து நமக்கு வந்த போன் எல்லாமே "எங்க தெரு நாய எடுத்துட்டுப் போங்க"தான். இடம் எங்க இருக்கு? 2018ல சென்னைல எண்ணினப்ப ஏறத்தாழ 57 ஆயிரம் தெருநாய், 2024ல ஏறத்தாழ 1.8 லட்சம். எத்தனை ஷெல்டர் கட்டினாலும் இது அடங்காது. ஒரு தெருவ காலி பண்ணா பக்கத்து தெருவுல இருந்து ஆபரேஷன் ஆகாத நாய் அங்க வந்துரும், சோறு கிடக்கிற இடத்த எந்த நாயும் சும்மா விடாது. கு.க. பண்ணி, ரேபிஸ் ஊசி போட்டு, காது நுனிய வெட்டி அடையாளம் வச்சு அதே இடத்துல விடுறதுதான் வழி. தெருநாய்க்கு கு.க. பண்ற இந்த முறைய புளூ கிராஸ்ங்கிற விலங்கு நல அமைப்பு இதே சென்னைல 1964லயே தொடங்கிட்டாங்க, 1996ல மாநகராட்சியும் ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல பிறந்த வழி இது, இத விடாம செய்யணும்.

அதே நேரம் கடிபட்டவங்க பயத்த நாம லேசா எடுத்துக்கவே கூடாது. அபார்ட்மெண்ட் மீட்டிங்ல குழந்தைய நாய் கடிச்ச ஒரு அம்மா அழுதுட்டே பேசினாங்க, அவங்ககிட்ட நம்ம ஆளுங்க வாதாடாம உக்காந்து கேட்டது சரியான விஷயம். செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்த ஒட்டி ரெண்டு ஸ்கூல்ல போய் பேசினோம்: கடிச்சா உடனே ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், மிளகாப்பொடி எதுவும் வைக்கக்கூடாது, அன்னிக்கே ஊசி போட ஆரம்பிக்கணும், பாதில நிறுத்தக்கூடாது. அறிகுறி வந்துருச்சுன்னா கிட்டத்தட்ட காப்பாத்தவே முடியாது, ஊசி நேரத்துக்குப் போட்டு முடிச்சா அனேகமா வரவே வராது.

தீபாவளிக்கு வழக்கம்போல வெடி சத்தத்துல ஓடிப்போன வீட்டு நாய்ங்க வந்துச்சு. கழுத்துப் பட்டைல போன் நம்பர் இருந்தது எல்லாம் வீட்டுக்குப் போயிருச்சு, இல்லாதது ஷெல்டர்லயே நின்னுருச்சு. மாநகராட்சி லைசென்சும் மைக்ரோசிப்பும் இப்ப கட்டாயம் ஆக்கியிருக்கிறதால உங்களுக்குத் தெரிஞ்ச எல்லார் கிட்டயும் சொல்லுங்க.

அடாப்ஷன்ல, அதாவது ஷெல்டர் நாய வீட்டுக்கு வளர்க்கக் குடுக்கிறதுல, ஒரு குறை இருக்கு. கேக்குறவங்க லேப், கோல்டன் மாதிரி வெளிநாட்டு ஜாதி நாய், சிலபேர் இந்த வெயில்ல பனி ஊரு நாயான ஹஸ்கி கேக்குறாங்க. நாட்டு நாய், அதுவும் கருப்பா வளந்த நாய்னா பாத்துட்டு அப்படியே தாண்டிப் போறாங்க. கருப்பி இன்னும் இங்கதான் இருக்கா. நம்ம வெயிலுக்கும் நம்ம சாப்பாட்டுக்கும் பழகின நாய் இதுதான், வீட்டையும் நல்லா பாத்துக்கும். வீட்டுக்குப் போய் பாத்துட்டுதான் குடுப்போம்ங்கிற விதிய இந்த வருஷமும் தளர்த்தல, கோவிச்சுட்டுப் போனவங்க போகட்டும்.

2026க்கு மூணு விஷயம். நாய தொடுற எல்லா வாலண்டியரும் முன்கூட்டியே போடுற ரேபிஸ் தடுப்பூசிய போட்டுக்கணும், டாக்டர் சொல்ற தேதிகள்ல விடாம முடிக்கணும், முடிக்காம கென்னல் டூட்டி கிடையாது. பிஸ்கட் பாக்கெட் வேணாம், பழைய பெட்ஷீட்டும் நியூஸ் பேப்பரும் குடுங்க, ராத்திரி ஈரத்துல படுக்குற நாய்க்கு அதுதான் உதவும். ஏப்ரல்ல காலேஜ் பசங்க பரீட்சைன்னு நின்னுருவாங்க, அந்த மாசத்துக்கு காலை ஆறு மணி ஷிப்டுக்கு பெரியவங்க பேர் வேணும், நோட்டு வாசல்ல இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி எழுதிட்டுப் போங்க. இப்ப பொருளாளர் அக்கா கணக்க வாசிப்பாங்க.